ஊறுகாய்ப் போத்தலும் உப்புப் பிடித்த போல்ட்டும்

தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலின் தகர மூடி கழலவில்லை என்றால் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுப்பதில்லை. முதலில் வெறுங்கையால் ஒரு முறுக்கு. பிறகு துவாயைச் சுற்றிப் பிடித்து இன்னொரு முறுக்கு. அதற்கும் அசையாவிட்டால் மூடியின் ஓரத்தில் கரண்டிக் காம்பால் சுற்றிவரத் தட்டுவார்கள். போத்தலைத் தலைகீழாக்கி, மூடியை மட்டும் சுடுதண்ணியில் அமிழ்த்தி எடுத்து, மறுபடி முறுக்குவார்கள். பெரும்பாலும் இந்த இடத்தில் கிறீச்சென்று ஒரு சத்தம் வரும், மூடி கழன்றுவிடும்.

கற்பிட்டி, கண்டக்குழி, உடப்பு, சிலாபம் என்று புத்தளம் மாவட்டக் கரை நெடுகப் படகு எஞ்சின் திருத்துகிறவர்கள் செய்வதும் இதைத்தான். நல்ல பிடி, தட்டல், சூடு, காத்திருத்தல். முறை ஒன்றுதான், தவறினால் வருகிற செலவுதான் வேறு. போத்தல் உடைந்தால் ஊறுகாயோடு போகும். அவுட்போர்ட் எஞ்சினின் அலுமினிய உடலுக்குள் ஒரு போல்ட் முறிந்தால், அன்றைய தொழில் போகும், அடுத்த சில நாள் தொழிலும் போகும்.

முதலில், எது பிடித்திருக்கிறது என்று பார்ப்போம். ஊறுகாய் மூடியைக் கடைசியாக மூடியவர் அவ்வளவு பலமாக இறுக்கியிருக்க மாட்டார். உப்பும் தேசிச் சாறும் கண்ணாடிக்கும் தகரத்துக்கும் நடுவிலுள்ள இடுக்கில் ஏறி, தகரப் பூச்சை அரித்து, உள்ளிருக்கும் இரும்பைக் கறள் பிடிக்க வைக்கும். கறளுக்கு அது பிறந்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலான இடம் வேண்டும். இடுக்கில் அந்த இடம் இல்லை. ஆகவே அது இரு பக்கமும் நெருக்கும். மூடி இறுகியது நம் கையால் நடந்ததல்ல, இடுக்குக்குள் கறள் வளர்ந்ததால் நடந்தது. கையை மட்டும் நம்பி அதைத் திறக்கப் போவது ஏன் வீண் என்பது இதிலிருந்தே தெரியும்.

எஞ்சினில் நடப்பது இன்னும் மோசம். கடல் தண்ணீரில் ஒரு லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருக்கிறது. புத்தளம் களப்பில் வெயில் காலத்தில் அது இதற்கும் மேலே போகும். கலா ஓயாவும் மீ ஓயாவும் கொண்டுவரும் நன்னீர் அப்போது குறைந்துவிடும், களப்பு கடலோடு சேர்வதோ வடக்கே மட்டும்தான், வெயிலும் காற்றும் ஓயாமல் தண்ணீரை உறிஞ்சும். இந்தக் கரையில் உப்பளங்கள் பிழைப்பது எதனாலோ, எஞ்சின் போல்ட் இறுகுவதும் அதனால்தான்.

அவுட்போர்ட் எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. அடிப்பாகத்தில் உள்ள ஒரு ரப்பர் இம்பெல்லர் கடல் தண்ணீரையே உறிஞ்சி, மேலே ஏற்றி, சிலிண்டரைச் சுற்றி ஓடவிட்டு வெளியே தள்ளுகிறது. படகு கரைக்கு வந்து எஞ்சினை நிறுத்தியதும் உள்ளே மிஞ்சிய தண்ணீர் அந்தச் சூட்டிலேயே வற்றும், உப்பு மட்டும் தங்கும். அதுவாவது காய்ந்து கிடக்குமா என்றால் அதுவும் இல்லை. சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீராகத் தொடங்கும். கடல் உப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைட்டுக்கு அதில் பாதிகூட வேண்டாம். கடற்கரைக் காற்றில் அவ்வளவு ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. ஆகவே கரையில் சும்மா கிடக்கிற எஞ்சினின் இடுக்குகள் எப்போதும் நனைந்தே இருக்கும்.

சும்மா கிடப்பது என்றதும் 2022 நினைவுக்கு வராமல் போகாது. மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டில் பல படகுகள் கரையேறிக் கிடந்த வருசம் அது. அந்த ஓகஸ்ட் மாதத்தில் ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ரூபாயானது. உப்புத் தண்ணீர் குடித்தபடியே நிறுத்தப்பட்ட எஞ்சினுக்கு ஓய்வு நல்லதல்ல. ஓடுகிற எஞ்சினைவிட நிற்கிற எஞ்சினில்தான் போல்ட் அதிகம் கடிக்கும்.

இதற்கு மேல் உலோகச் சண்டை ஒன்றும் இருக்கிறது. எஞ்சின் உடல் அலுமினிய வார்ப்பு. போல்ட் துருப்பிடிக்காத எஃகு, கடையில் சொல்வதானால் ஸ்டெயின்லெஸ். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு உப்புத் தண்ணீரில் நின்றால் அது ஒரு மின்கலம். அதில் கரைவது எப்போதும் அலுமினியம்தான். வீட்டு மூடியில் சிவப்புக் கறள் என்றால் இங்கே வெள்ளை மா. போல்ட் தலையைச் சுற்றிப் பெயின்ட் கொப்பளித்து, நகத்தால் சுரண்டினால் மாவாக உதிர்கிறதே, அது அலுமினிய ஹைட்ரொக்சைட். அதற்கும் தன் தாய் உலோகத்தைவிட அதிக இடம் வேண்டும். வெளியில் ஒரு கொப்பளம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

ஊறுகாய்ப் போத்தலில் இல்லாத ஒரு சங்கதியை இங்கே சொல்லவேண்டும். அவுட்போர்ட்டின் அடிப்பாகத்தை நடுப்பாகத்தோடு சேர்க்கும் நீண்ட போல்ட்டுகள் உண்டு. இவற்றில் புரி இருப்பது நுனியில் மட்டும். மீதி நீளம் வெறும் தண்டு, அலுமினியத் துளைக்குள் கொஞ்சம் இடைவெளியோடு நிற்கும். இடைவெளி இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். அந்த இடைவெளியில்தான் வெள்ளை மா அடைந்து, தண்டை முழு நீளத்துக்கும் கவ்வுகிறது. புரி சுத்தமாக இருந்தாலும் போல்ட் அசையாது. இம்பெல்லரை மாற்றவேண்டும் என்றால் அடிப்பாகத்தைக் கழற்றியாக வேண்டும். கழலாவிட்டால் பழைய இம்பெல்லரோடேயே ஓட்டுவார்கள். அது தேய்ந்து தண்ணீர் ஏறாமல் போனால் எஞ்சின் நடுக்கடலில் கொதித்து நிற்கும். சில நூறு ரூபாய் போல்ட் ஒன்று முழு எஞ்சினையும் சாப்பிடுவது இப்படித்தான்.

சரி, ஸ்பேனரைப் போட்டாயிற்று. போல்ட் அசையவில்லை. பக்கத்தில் நிற்கிற போட்காரருக்குப் பொறுமை போய்விடும்.

“இன்னொரு தரம் பலமா இழுங்க நானா, வந்துரும்.”

“வரும் தம்பி. தல மட்டும் தனியா வரும்.”

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு போல்ட்டை இறுக்கும்போது நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பாதி, தலைக்கு அடியில் உராய்வாகப் போகும். இன்னொரு 40 சதவீதம் புரிகளின் உராய்வில் போகும். பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கிற வேலைக்கு மிஞ்சுவது 10 சதவீதம் அளவுதான். புதுப் போல்ட்டிலேயே இந்த நிலை. இடுக்கு அடைந்துபோனால் உராய்வு பல மடங்கு ஏறும், போல்ட்டின் பலமோ ஏறாது. எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே முறியும். ஸ்டெயின்லெஸ் என்ற பெயரை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம். காற்றுப் படாத ஈர இடுக்கில் அந்த எஃகும் அரிக்கும். கழற்றிப் பார்த்தால் தலைக்குக் கீழே இடுப்பு சிறுத்த போல்ட்டுகளைக் காணலாம்.

போல்ட்டின் பருமனும் முக்கியம். முறுக்கைத் தாங்கும் வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். 8 மில்லி போல்ட் 6 மில்லி போல்ட்டைவிட இரண்டு மில்லிதான் பெரிது, ஆனால் இரண்டு மடங்குக்கும் மேல் தாங்கும். தெர்மோஸ்டாட் மூடி போன்ற சின்ன மூடிகளைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் 10ஆம் நம்பர் ஸ்பேனர் போகிற 6 மில்லி போல்ட்டுகள். நீளமான கைப்பிடியை மாட்டிக்கொண்டு இவற்றோடு மல்லுக்கு நிற்பது வீண் வேலை. முறிவதற்கு முன் கைக்கு ஒரு சேதி வரும். இறுக்கம் சட்டென்று தளர்ந்து, ரப்பரைத் திருகுகிற மாதிரி மெத்தென்று வரும். கழல்கிறது என்று நினைத்து அந்த இடத்தில் தொடர்ந்தால் தலை கையோடு வந்துவிடும். அங்கேயே நிறுத்தவேண்டும்.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? போத்தலில் செய்த அதே வரிசைதான், கொஞ்சம் நிதானமாக.

துவாய்க்குப் பதில் இங்கே சொக்கெட். ஆறு முனைச் சொக்கெட் போல்ட் தலையின் பக்கங்களைப் பிடிக்கும். பன்னிரண்டு முனைச் சொக்கெட் மூலைகளைப் பிடிக்கும், மூலை மழுங்கும். போடுவதற்கு முன் தலையைச் சுற்றியிருக்கும் பெயின்ட்டையும் மாவையும் கம்பித் தூரிகையால் சுரண்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் சொக்கெட் முழுதாக இறங்காது.

அடுத்து எண்ணெய். எது கிடைத்தாலும் ஊற்றலாம் என்றில்லை. தடித்த எஞ்சின் எண்ணெய் இடுக்கில் ஏறாது. மெல்லிய எண்ணெய்தான் நுண்துளை ஏற்றத்தால் தானாக இறங்கும். இந்தக் கரையில் அதற்குக் கைக்கெட்டும் மருந்து, எஞ்சின் குடிக்கிற அதே மண்ணெண்ணெய். கடைகளில் நீல டப்பாவில் வரும் டபிள்யூடி-40 பற்றி ஒரு சின்ன விலகல்: 1953-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில், ராக்கெட் உடலில் ஈரம் தங்காமல் இருக்க என்று உருவாக்கியது அது. 40 என்பது நாற்பதாவது முயற்சி. தண்ணீரை விரட்டுவதில் கெட்டி, இறுகிய புரிக்குள் ஊடுருவுவதில் சுமார்தான். அசிட்டோனையும் கியர் எண்ணெய்க் கடையில் கிடைக்கும் மெல்லிய ஏடிஎஃப் எண்ணெயையும் சரிபாதி கலந்து குலுக்கி விடுகிறவர்களும் உண்டு, அது நன்றாகவே வேலை செய்யும். எதை ஊற்றினாலும் ஊற்றிய கையோடு ஸ்பேனரை எடுக்கக்கூடாது. மாலையில் ஊற்றி, இரவில் இன்னொரு தரம் ஊற்றி, காலையில் தொடுவதே மரியாதை.

பிறகு தட்டல். போல்ட் தலையின் நடுவில், நேராக, சின்னச் சுத்தியலால் பல தரம். பலமாக ஒரே அடி வேண்டாம். மூடியின் ஓரத்தில் கரண்டியால் தட்டியபோது காய்ந்த உப்பு நொறுங்கியதே, இங்கே வெள்ளை மா நொறுங்குகிறது. நொறுங்கிய வெடிப்புகளில் எண்ணெய் இறங்கும். தட்டு, எண்ணெய், தட்டு என்று மாறி மாறிச் செய்வதற்குக் காரணம் இதுதான்.

அடுத்து சூடு, பலரும் பிழை விடுகிற இடம். சுடுதண்ணியில் மூடி கழன்றது ஏன்? தகரம் சீக்கிரம் சூடாகி விரிந்தது, கண்ணாடி பின்தங்கியது. அங்கே வெளியே இருப்பது மூடி, அதனால் மூடியைச் சுட்டோம். எஞ்சினில் வெளியே இருப்பது அலுமினியம், உள்ளே இருப்பது போல்ட். ஆகவே சுடவேண்டியது அலுமினியத்தை. காஸ் டோர்ச்சின் நெருப்பைப் போல்ட் தலையிலேயே பிடித்தால் போல்ட் தடித்து இன்னும் இறுகும். அலுமினியம் சாதாரண எஃகைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும், ஸ்டெயின்லெஸ்ஸைவிட மூன்றில் ஒரு பங்கு அதிகம் விரியும். துளையைச் சுற்றி நெருப்பைச் சுழற்றினால் துளை பெரிதாகும்.

எவ்வளவு பெரிதாகும்? கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். 8 மில்லி துளையை 150 பாகை சூடேற்றினால், எஃகு போல்ட்டும் சேர்ந்து சூடாகிவிட்ட நிலையில், கிடைக்கும் கூடுதல் இடைவெளி ஒரு மில்லிமீற்றரில் நூறில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டும். தலைமுடியின் தடிப்பில் ஐந்தில் ஒரு பங்கு. ஸ்டெயின்லெஸ் என்றால் அதிலும் பாதி. சூட்டின் உண்மையான பலன் இந்த இடைவெளியில் இல்லை. விரிவதும் சுருங்குவதும் அடைந்த மாவை வெடிக்க வைக்கும், ஆறும்போது வெடிப்புகள் எண்ணெயை உள்ளே இழுக்கும். ஒரு தரம் பழுக்கச் சுடுவதைவிட, மிதமாக மூன்று நான்கு தரம் சுட்டு ஆறவிடுவது நல்லது. சூடாக இருக்கும்போது போல்ட் அடியில் மெழுகுதிரியை ஒற்றினால் மெழுகு உருகி உள்ளே ஓடும். பழைய வித்தை, இப்போதும் பொய்க்காது.

அலுமினியத்தில் ஒரு ஆபத்து உண்டு. இரும்பைப்போல் அது சிவந்து எச்சரிக்காது. வார்ப்பு அலுமினியம் 600 பாகைக்கு முன்பே, நிறம் மாறாமலே, தளர்ந்து சரியத் தொடங்கும். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் சீறி ஆவியாகும் அளவு போதும். சந்தேகம் இருந்தால் பக்கத்தில் சவர்க்காரத்தால் ஒரு கோடு போடுங்கள். அது கறுக்கத் தொடங்கினால் தேவைக்கு மேலே போய்விட்டது, நெருப்பை எடுத்துவிட வேண்டும். பெற்றோல் குழாயையும் டாங்கியையும் முதலில் அப்புறப்படுத்தவேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை. எண்ணெய் விட்ட கையோடு நெருப்பைக் காட்டவும் கூடாது.

இனித்தான் ஸ்பேனர். முதல் அசைவு கழற்றும் பக்கம் வேண்டாம், இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு தள்ளிப் பாருங்கள். பிடி அங்கே முதலில் விடுவதுண்டு. அசைந்துவிட்டால் ஒரே இழுவையாகக் கழற்றக்கூடாது. கால் சுற்று வெளியே, அரைக்கால் சுற்று உள்ளே, எண்ணெய், மறுபடி கால் சுற்று. உதிர்ந்த மா புரிகளுக்கு நடுவில் திரண்டு, பாதி வழியில் மறுபடி பூட்டிக்கொள்ளாமல் இருக்க இந்த முன்பின் ஆட்டம்.

இவ்வளவுக்குப் பிறகும் சில முறியும். முறிந்த துண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அதிர்ஷ்டம். அதன்மேல் ஒரு நட்டை வைத்து, நட்டின் உள்துளை வழியே வெல்டிங் செய்துவிட்டால் புதுத் தலை கிடைத்துவிடும். எஃகு வெல்டிங் அலுமினியத்தில் ஒட்டாது என்பதால் உடலுக்குப் பெரிய சேதமில்லை. வெல்டிங் சூடு போல்ட்டை உள்ளே விரித்து, ஆறும்போது சுருக்குவது கூடுதல் லாபம். எத்தனையோ முறை சுட்டும் அசையாத துண்டு இந்த நட்டோடு சேர்ந்து திரும்பியதைக் கராஜ்களில் பார்க்கலாம். என்னைக் கேட்டால், முறிந்த போல்ட்டுக்கு முதல் வைத்தியம் இதுதான். முறிந்த துண்டைத் திருகி எடுக்கும் ஈஸி-அவுட் பெட்டியைத் திறப்பது கடைசி.

உடலோடு மட்டமாக முறிந்திருந்தால் துளையிடுவதைத் தவிர வழியில்லை. இங்கேதான் கை நிதானம் வேண்டும். போல்ட் கடினம், சுற்றியுள்ள அலுமினியம் மென்மை. ட்ரில் முனை ஒரு இழை விலகினாலும் மென்மையான பக்கம் சறுக்கிப் போய்விடும், திரும்பி வராது. முறிந்த முகத்தை முதலில் மட்டமாக அராவி, சரியான நடுவில் பஞ்ச் உளியால் ஒரு குழி போட்டு, மெல்லிய ட்ரில்லில் தொடங்கவேண்டும். கழற்றிய மூடியையே மறுபடி வைத்து, மற்றப் போல்ட்டுகளால் பிடித்து, அதன் துளையில் ஒரு சின்னக் குழாய்த் துண்டைச் செருகினால் ட்ரில்லுக்கு வழிகாட்டி கிடைக்கும். பார்க்க அற்ப வேலை, காப்பாற்றுவது எஞ்சினை. ஸ்டெயின்லெஸ்ஸைத் துளைக்கும்போது வேகம் குறைவாக, அழுத்தம் அதிகமாக, எண்ணெய் தாராளமாக. வேகமாகச் சுற்றி உரசவிட்டால் அந்த எஃகு உரசிய இடத்தில் இன்னும் கடினமாகும், பிறகு எந்த முனையும் இறங்காது. இடது பக்கம் சுற்றும் ட்ரில் கிடைத்தால் அதைத்தான் போடவேண்டும். அது வெட்டும் திசையே கழற்றும் திசை என்பதால் துளைக்கும்போதே துண்டு சுழன்று வெளியே வந்துவிடுவதுண்டு.

ஈஸி-அவுட் என்பது இடது புரி கொண்ட கூம்பு முளை. துளைக்குள் வைத்துக் கழற்றும் பக்கம் திருப்பினால் கடிக்கும். பெயரில்தான் ஈஸி. அது மிகக் கடினமான, ஆகவே எளிதில் ஒடிகிற எஃகு. கூம்பு என்பதால் துண்டை உள்ளிருந்து விரித்து மேலும் இறுக்கவும் செய்யும். போல்ட்டையே முறித்த இறுக்கத்தை, போல்ட்டைவிட மெல்லிய முளை எப்படி வெல்லும்? உள்ளே ஒடிந்தால் சாதாரண ட்ரில் அதைத் தொடாது. அதற்குப் பிறகு லேத் கடைதான். சூட்டாலும் எண்ணெயாலும் பிடி ஏற்கெனவே தளர்ந்த துண்டுக்கு மட்டும் ஈஸி-அவுட் சரி.

6 மில்லி போல்ட்டை 5 மில்லி ட்ரில்லால் நேர் நடுவில் துளைத்துவிட்டால் மிஞ்சுவது புரியின் சுருள் மட்டும். கூரிய முனையால் நெம்பினால் கம்பிச் சுருளாகவே வந்துவிடும், பழைய புரி தப்பும். நடு தவறிப் புரி போய்விட்டால் துளையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்ற எஃகுச் சுருளைப் பதித்துப் பழைய அளவு போல்ட்டையே மறுபடி போடலாம். மணிக்கூடு திருத்துகிறவர்களிடம் இன்னொரு வழி உண்டு: பித்தளைத் தட்டில் முறிந்த எஃகு ஆணியைப் படிகாரக் கரைசலில் போட்டுச் சூடாக்குவார்கள், எஃகு கரையும், பித்தளை நிற்கும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டுக்கு அது பலிக்காது.

மறுபடி பூட்டும்போது தண்ணீர் கழுவாத கிறீஸைப் புரியில் மட்டுமல்ல, தண்டின் முழு நீளத்துக்கும் தலைக்கு அடியிலும் பூசவேண்டும். செம்புப் பொடி கலந்த பசை கார் எஞ்சினுக்குச் சரி, கடலில் அலுமினியத்தின் பக்கத்தில் செம்பு இன்னொரு மின்கலம். கிறீஸ் பூசிய போல்ட்டை வழக்கமான முறுக்கு வரை இறுக்கவும் கூடாது. உராய்வில் போகவேண்டிய பங்கு குறைந்துவிட்டதால் அதே முறுக்கு போல்ட்டை அளவுக்கு மீறி இழுக்கும், அலுமினியப் புரி உரியும். நாலில் ஒரு பங்கு குறைத்துக்கொண்டால் போதும். தொழில் முடிந்து வந்ததும் எஞ்சினை நன்னீர் பரலில் இறக்கிக் கொஞ்ச நேரம் ஓடவிடுவது இந்தக் கரையில் பலருக்கும் பழக்கம்தான், ஆனால் கற்பிட்டி மணலில் நன்னீர் உப்பு நீரின்மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. அதிகம் இறைத்த கிணறு உவர்க்கும். நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டே பரலை நிரப்பவேண்டும். எஞ்சினின் அடியில் திருகி வைத்திருக்கும் நாகக் கட்டி அலுமினியத்துக்குப் பதில் தான் கரைவதற்காகவே இருக்கிறது. பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றவேண்டும். எஞ்சினுக்குப் பெயின்ட் அடிக்கிறபோது அழகுக்காக அதன்மேலும் அடித்துவிடுகிறார்கள். அடித்தால் அது கரையாது, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியம்தான் கரையும்.